கம்ப்யூட்டர் வாசலின் சாவி யார் கையில்?

ஒரு பஞ்சாலைத் தொழிலாளர் சங்க ஆபீஸில் நடந்த விஷயம் இது. ஊர்ப் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் அதே மில்லில்தான் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

அந்த ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மெம்பர் பட்டியல், சந்தாக் கணக்கு, லேபர் கோர்ட் வழக்குகளின் தஸ்தாவேஜுகள் எல்லாம் அதற்குள்தான். ஆறு தோழர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள். சிலர் ஆபீஸில் உட்கார்ந்து, சிலர் வீட்டிலிருந்து போன் வழியாக. ஆறு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடக் கூடாதே என்று அதைச் சுவரில் தொங்கிய காலண்டரின் பின்புறத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆறு பேரில் ஒருவர் கணக்கு எழுதிய வாலிபர். அவருக்கு அதே மில்லின் டைம் ஆபீஸில் வேலை கிடைத்தது, போய்விட்டார். பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. நாலு மாதம் கழிந்தது. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த மூன்று பதலித் தொழிலாளிகளுக்கு மட்டும் திடீரென்று ஷிப்ட் கொடுப்பது நின்றது. அவர்கள் சங்கத்தில் சேர்ந்த விஷயம் வெளியில் யாருக்கும் தெரியாது. பட்டியலில்தான் இருந்தது. அப்படியானால் பட்டியல் வெளியே போயிருக்கிறது. கொடுத்தது யார்?

எல்லோரும் அந்த வாலிபரைத்தான் கை காட்டினார்கள். அவர் கண்ணீர் விட்டு மறுத்தார். கம்ப்யூட்டரின் பதிவேட்டைப் பார்த்தார்கள். பட்டியலை யாரோ திறந்து நகல் எடுத்திருப்பது தெரிந்தது. திறந்தவர் பெயர்? அதே ஒரே பெயர்தான். ஆறு பேரில் எவர்? அல்லது காலண்டரைப் புரட்டிப் பார்த்த ஏழாவது ஆளா? தெரியவில்லை. குற்றவாளியைப் பிடிக்கவும் முடியவில்லை, நிரபராதியை விடுவிக்கவும் முடியவில்லை. மூன்று குடும்பங்கள் இரண்டு மாதம் கடன் வாங்கிக் கஞ்சி குடித்தன. அந்த வாலிபர் இன்றுவரை சங்க ஆபீஸ் இருக்கும் தெருவில் நடப்பதில்லை.

"கம்ப்யூட்டர் சமாசாரம் படித்தவர்கள் பாடு, நமக்கு எதற்கு?" என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம். வருங்கால வைப்புநிதிக் கணக்கைப் பார்க்க ஓ.டி.பி. கேட்கிறது. எங்கு போனாலும் "நீ யார், நிரூபி" என்று யந்திரம் நம்மைக் கேட்கிறது. நம்முடைய சொந்த ஆபீஸில், நம்முடைய சொந்தப் பட்டியலுக்கு முன்னால், அந்தக் கேள்வியைக் கேட்பது யார்? அந்தக் காவலுக்கு எஜமான் யார்? இதுதான் இன்றைய பிரச்னை.

வாசல்காப்பவன் வேலை

மில் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு இரண்டு வேலை. டோக்கனைப் பார்த்து ஆள் இன்னார் என்று தெரிந்துகொள்வது ஒன்று. இன்னார் எந்த டிபார்ட்மெண்டுக்குள் போகலாம் என்று பார்ப்பது இன்னொன்று. கம்ப்யூட்டரிலும் இதேதான். சந்தாக் கணக்குக்கு ஒரு புரோகிராம், தஸ்தாவேஜுக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்டால் மனிதன் என்ன செய்வான்? எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பான். அல்லது காலண்டரில் எழுதுவான். அதனால், எல்லாப் புரோகிராம்களுக்கும் முன்னால் ஒரே வாசல்காப்பவனை நிறுத்துவது என்று ஒரு ஏற்பாடு வந்தது. அவனிடம் ஒரு தடவை நிரூபித்தால் போதும். அவன் தரும் சீட்டைக் காட்டி மற்றக் கதவுகளைக் கடக்கலாம். ஆள் விலகினால் ஒரே இடத்தில் பெயரை அடித்தால் எல்லாக் கதவும் அவருக்கு மூடிக்கொள்ளும்.

பூட்டுப் போட்ட கதை நெடியது. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர், பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டு உபயோகிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பாஸ்வேர்டு வைத்தார்கள். அடுத்த வருஷமே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்தில் நாலு மணி நேரந்தான் யந்திரம் கிடைத்தது. அது போதவில்லை. எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி யந்திரத்துக்கு உத்தரவு கொடுத்தார். அதுவும் அடித்துக் கொடுத்தது. மற்றவர்கள் பெயரில் புகுந்து வேலையை முடித்துக்கொண்டார். 1966-ல் ஒரு கோளாறில், உள்ளே வருபவர்களுக்குக் காட்டும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாகப் பாஸ்வேர்டுப் பட்டியலே எல்லார் முன்னாலும் வந்து நின்றது!

பாஸ்வேர்டை எழுதியபடியே வைக்கக் கூடாது, திரும்ப விடுவிக்க முடியாதபடி அரைத்துத்தான் வைக்க வேண்டும் என்பதை ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும் 1979-ல் விளக்கி எழுதினார்கள். கோதுமையை மாவாக்கலாம், மாவைக் கோதுமையாக்க முடியாது அல்லவா, அதைப் போல. அதற்கு முப்பது வருஷம் கழித்து 2009-ல், ராக்யூ என்ற கம்பெனி 3 கோடியே 20 லட்சம் பேரின் பாஸ்வேர்டுகளை அரைக்காமல் அப்படியே வைத்திருந்து திருட்டுக் கொடுத்தது. ஞானம் இல்லாமல் அல்ல. பறிபோவது தங்கள் சொத்து அல்ல என்ற அலட்சியம்.

பூட்டுக்கு இரண்டு பக்கம்

பூட்டைக் கண்டு சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் முட்டாள்கள் அல்ல. 1970-களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் ஒரு பிரிவில் பாஸ்வேர்டு முறையைக் கொண்டுவந்தபோது ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை எதிர்த்தார். பாஸ்வேர்டை வெறுமையாக வைத்துவிடுங்கள் என்று சக ஊழியர்களுக்கு எழுதினார். பலர் அப்படியே செய்தார்கள். பூட்டு இருந்தால் பூட்டுகிறவன் மேலாகிவிடுவான் என்பது அவர் கட்சி. அதே மனிதர் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். புரோகிராமை வாசிக்கவும், திருத்தவும், மற்றவருக்குக் கொடுக்கவும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்றார். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று உலகத்தின் சர்வர்களில் பெரும் பங்கை ஓட்டுகிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த வம்சம்தான்.

ஸ்டால்மன் சந்தேகித்தது சரி. ஆனால் அவர் இருந்தது ஆராய்ச்சிக்கூடம். அங்கே கதவு திறந்து கிடந்தால் எவன் வீட்டு அடுப்பும் அணையாது. நம் பட்டியல் வெளியே போனால் அணைகிறது. ஆகவே பூட்டு வேண்டும். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று நாம் திறந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். சாவி நம்மிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் காவல்.

வாடகை வாட்ச்மேன்

"எதற்கு இத்தனை தொல்லை? பெரிய கம்பெனிகள் இந்த வாசல்காப்பு வேலையை வாடகைக்குச் செய்கின்றன. சில கம்பெனிகள் இலவசமாகவே தருகின்றன. அதில் சேர்ந்துவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நடந்த இரண்டு விஷயங்களைப் பார்ப்போம்.

2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன், குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனியின் மீது தடை போட்டது. அதில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட்டுக்கு 49 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு உண்டு என்பது காரணம். சில நாட்களில், அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட் நயாராவுக்குத் தந்துவந்த சேவைகளை நிறுத்தியது. இந்தியாவில் உள்ள ஆலை, இந்தியாவில் வேலை செய்யும் ஊழியர்கள். தங்கள் கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் தாங்களே திறக்க முடியவில்லை. பணம் கட்டி வாங்கிய உரிமம் என்று நயாரா டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. மாத முடிவில் சேவை திரும்பி வந்தது. தடை சரியா தப்பா என்பது வேறு வாதம். நமக்குப் பாடம் இதுதான்: சாவி வேறு கண்டத்தில் இருந்தால், கதவு நம் தெருவில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. நயாரா பெரிய கம்பெனி, ஹைகோர்ட்டுக்குப் போக வக்கீல் இருக்கிறார். நாற்று நடும் பெண்கள் நடத்தும் ஒரு சிறு சங்கத்தின் கணக்கை மூடிவிட்டால் அவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்? மனுக் கொடுக்கவும் அங்கே ஆள் கிடையாது.

இரண்டாவது விஷயம் ஓக்டா. வாசல்காப்பு ஒன்றையே தொழிலாக நடத்தும் அமெரிக்கக் கம்பெனி அது. 2023-ல் அதன் புகார்ப் பிரிவு யந்திரத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வாடிக்கைக்காரர்களில் ஒரு சதவீதத்தினருக்குத்தான் பாதிப்பு என்று முதலில் சொன்னார்கள். நவம்பர் மாதக் கடைசியில், அந்தப் புகார்ப் பிரிவை உபயோகித்த எல்லாருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போய்விட்டன என்று ஒப்புக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான வீட்டுச் சாவிகளை ஒரே கொத்தாக வைத்திருப்பவன் வீட்டில்தான் திருடன் கன்னம் வைப்பான்.

அளக்கிற மரக்கால் யார் கையில் என்று கேட்கத் தெரிந்தவர்கள் விவசாயத் தொழிலாளிகள். அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்.

நாமே நிறுவுவது எப்படி?

இதற்கு ஒரு நல்ல புரோகிராம் கீக்ளோக். ரெட் ஹாட் கம்பெனியில் உருவாகி 2014-ல் வெளிவந்தது. அந்தக் கம்பெனியை 2019-ல் ஐ.பி.எம். வாங்கிவிட்டது. அப்படியானால் இதுவும் பெரிய முதலாளியின் பொருள்தானே என்று கேட்கலாம். சம்பளம் கொடுத்துப் பல இஞ்ஜினீயர்களை அவர்கள் வைத்திருப்பது உண்மை. ஆனால் அப்பாச்சி உரிமத்தின் கீழ் மூலம் முழுவதும் திறந்து கிடக்கிறது. 2023 முதல் சி.என்.சி.எஃப். என்ற பொது அறநிலையின் திட்டங்களில் ஒன்றாக இருக்கிறது. வெளியிட்டதைத் திரும்பப் பிடுங்க யாராலும் முடியாது. விலையும் இல்லை.

இதை நிறுவுவது மந்திர வித்தை அல்ல. ஸ்பின்டில் மாற்றத் தெரிந்த கைக்கு இது வரும். ஆனால் வரிசை தவறக் கூடாது.

முதலாவது, யந்திரம். 2 ஜி.பி. நினைவகமாவது கீக்ளோக்குக்கென்று மிச்சம் இருக்க வேண்டும். டெபியன் போன்ற லினக்ஸ் ஒன்றைப் போட்டு, வந்திருக்கும் திருத்தங்கள் அனைத்தையும் ஏற்ற வேண்டும். யந்திரத்தின் கடிகாரம் இணையத்தின் நேரத்தோடு ஒத்து ஓடும்படி செய்ய வேண்டும். இது சில்லறை விஷயம் என்று விடுகிறார்கள். போனில் 30 விநாடிக்கு ஒரு தடவை மாறும் ஆறு இலக்க எண்ணைச் சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சரிபார்க்கிறது. கடிகாரம் சில நிமிஷம் பிசகினால் சரியான ஆளையே அது வெளியே நிறுத்தும்.

இரண்டாவது, கீக்ளோக் ஜாவா மொழியில் எழுதியது. ஜாவா 21-ஐ முதலில் நிறுவ வேண்டும். பெயர்களும் சாவிகளும் இருக்க டேட்டாபேஸ் வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதற்குப் போதும். அதில் கீக்ளோக்குக்கென்று தனிக் கணக்கு, தனி டேட்டாபேஸ். லினக்ஸிலும் அதற்கென்று ஒரு தனிப் பயனர். சர்வாதிகாரம் உள்ள ரூட் பெயரில் எதையும் ஓட்டக் கூடாது. வாட்ச்மேனிடம் மானேஜரின் கையெழுத்து முத்திரையைக் கொடுத்து வைப்போமா?

மூன்றாவது, மூட்டையை அதிகாரபூர்வமான இடத்திலிருந்து மட்டும் இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்த்து விரிக்க வேண்டும். கீக்ளோக்குக்கு இரண்டு ஓட்டம் உண்டு: பரீட்சை ஓட்டம், நிஜ ஓட்டம். பரீட்சை ஓட்டத்தில் ஒரே கட்டளையில் திரை வந்துவிடும். சங்கேத மறைப்பு கேட்காது, நல்ல டேட்டாபேஸ் கேட்காது. பழகிப் பார்க்க அது நல்லது. "திரை வந்தது, வேலை முடிந்தது" என்று அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பெல்ட்டுக்குக் கவசம் மாட்டாமல் யந்திரத்தை ஓட்டுவது போல அது. நிஜ ஓட்டத்துக்கு அமைப்புக் கோப்பில் டேட்டாபேஸ் விவரமும், வாசலின் டொமைன் பெயரும் எழுதி, ஒரு தடவை கட்டுமானக் கட்டளை கொடுத்த பிறகுதான் ஓட விட வேண்டும்.

நான்காவது, உறை. மூடாத தபால் கார்டில் பாஸ்வேர்டு எழுதி அனுப்பினால் வழியில் இருப்பவனெல்லாம் படிப்பான். கார்டை உறைக்குள் வைக்கும் வேலையை சர்ட்டிபிகேட் செய்கிறது. முன்பு அதற்குக் காசு. 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபமற்ற ஸ்தாபனம் இலவசமாகத் தருகிறது. அதன் ஆயுள் சில வாரங்கள்தான். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். கீக்ளோக்குக்கு முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி, அதனிடம் இந்த உறை வேலையைக் கொடுக்கலாம். ஃபயர்வாலில் வெளியாருக்கு 443-ஆம் போர்ட் மட்டும் திறந்திருக்கட்டும். பராமரிக்கிறவர் வருவதற்கான வழியைச் சாவிக் கோப்போடு மட்டும் திறக்கும்படி வைக்க வேண்டும். கீக்ளோக்கின் சொந்தப் போர்ட்டுகளான 8080-ம் 9000-ம் வெளியே தெரியக் கூடாது.

ஐந்தாவது, கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து ஓடும்படி சிஸ்டம்டியில் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர் மின்சாரத்தை நம்பி இதை விடக் கூடாது.

திரைக்குப் பின்னால் உள்ள வேலை

இனிதான் முக்கியமான வேலை. முதலில் உள்ளே போக ஒரு தற்காலிக நிர்வாகிக் கணக்கு கிடைக்கும். உள்ளே போனதும் நிரந்தர நிர்வாகிகள் இரண்டு பேரை ஏற்படுத்தி, அவர்களுக்கு இரண்டாவது பூட்டாக போன் எண்ணையும் கட்டாயமாக்கி, அந்தத் தற்காலிகக் கணக்கை அழித்துவிட வேண்டும். ஏன் இரண்டு பேர்? ஒருவர் கையில் முழுச் சாவி இருந்தால், அவர் நல்லவராக இருந்தாலும் கஷ்டம். காய்ச்சலில் படுத்தால் சங்கமே வெளியே நிற்கும். நல்லவராக இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"மாஸ்டர்" என்ற தலைமைப் பிரிவில் மெம்பர்களைச் சேர்க்கக் கூடாது. அது நிர்வாகத்துக்கு மட்டும். சங்கத்துக்கென்று தனிப் பிரிவு திறக்க வேண்டும். சந்தாப் புரோகிராம், தஸ்தாவேஜுப் புரோகிராம் ஒவ்வொன்றையும் அதில் பதிவு செய்யும்போது, ஆளைச் சரிபார்த்தபின் சீட்டை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது என்று கேட்கும். அங்கே முழு முகவரியை எழுத வேண்டும். சோம்பலால் "எந்த முகவரியானாலும் சரி" என்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், நம் வாட்ச்மேன் கொடுக்கும் சீட்டு திருடன் வீட்டுக்கே போய்ச் சேரலாம்.

தொடர்ந்து தப்பான பாஸ்வேர்டு அடிப்பவனை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு கீக்ளோக்கில் உண்டு. ஆனால் நிறுவியவுடன் அது அணைந்தே இருக்கும். நாம்தான் போட வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார் என்று சேமித்து வைக்கும் பதிவேடும் அப்படியே அணைந்திருக்கும். அதையும் போட வேண்டும். அந்த வாலிபரை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பெயரும் இந்தப் பதிவேடும் இருந்திருந்தால், குற்றம் அவருடையதாக இருந்தால் நிரூபணமாகியிருக்கும். இல்லையென்றால் ஒரே நாளில் அவர் தலைநிமிர்ந்திருப்பார். பதிவேட்டை என்றைக்கும் வைத்திருக்கவும் கூடாது. இத்தனை நாள் என்று கெடு வைத்துத் தானாக அழியும்படி செய்யலாம். எந்தத் தொழிலாளி எந்த ராத்திரி சங்கக் கோப்பைப் பார்த்தார் என்ற விவரமும் எதிரி கையில் போனால் ஆயுதம்தான்.

போனும் விரலும்

இரண்டாவது பூட்டு என்றதும் எல்லோரும் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை நினைக்கிறார்கள். அது வேண்டாம். சிம் மாறினால் போயிற்று. டவர் இல்லாத வயலில் வராது. ஒவ்வொரு செய்திக்கும் காசு. எண்ணைப் போனே தயாரித்துக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றன, ஃப்ரீஓ.டி.பி. அதில் ஒன்று. ஒரு தடவை சேர்த்துவிட்டால் இணையமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

சொந்தப் போன் இல்லாதவர்கள்? நம் பெண் தோழர்கள் பலரிடம் இருப்பது மகனுடைய போனோ, புருஷனுடைய போனோ. போனை வைத்திருப்பவன்தான் பொறுப்பாளர் என்றால் பொறுப்பு ஆண்கள் கைக்கே திரும்பிப் போகும். அதற்கும் வழி உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றாக உபயோகித்துத் தீர்க்கும் மீட்பு எண்களைக் கீக்ளோக் தரும். காகிதத்தில் அச்சடித்து, சேலை முடிச்சிலோ டிரங்குப் பெட்டியிலோ வைத்துக்கொள்ளலாம். காகிதம் கேவலம் அல்ல. காலண்டருக்குப் பின்னால் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதியதுதான் தப்பு.

விரல் ரேகை வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். களை பறித்துத் தேய்ந்த விரலையும், நூல் ஓடிக் காய்த்த விரலையும் யந்திரம் "தெரியாது" என்று தள்ளுவதை ரேஷன் கடையில் பார்த்திருக்கிறோம். மேலும், பாஸ்வேர்டு களவு போனால் மாற்றலாம். விரல் களவு போனால் மாற்று விரலுக்கு எங்கே போவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெம்பர்கள் எல்லாருக்கும் சாவி தேவையில்லை. கணக்குப் பார்ப்பவர், வழக்குப் பார்ப்பவர், செயலாளர் என்று வேலை உள்ளவர்களுக்கு மட்டும் போதும். அவரவர் வேலைக்கு வேண்டிய அறை மட்டும் திறக்கட்டும். கையில் சாவி குறைய, கசியும் ஓட்டையும் குறையும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு

இதுவரை சொன்னதற்கு எதிராகப் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை அல்ல. "பெரிய கம்பெனியில் ராத்திரி பகலாகக் காவலுக்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் சங்க ஆபீஸ் மூலையில் ஓடும் சர்வரை யார் பார்ப்பார்கள்? நிறுவிய பையன் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன கதி?"

உண்மை. நிறுவி மறந்துபோன சர்வர், வாடகை வாட்ச்மேனைவிட மோசம். எல்லாப் புரோகிராம்களிலும் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், கீக்ளோக்கும் விலக்கல்ல. புதிய பதிப்பில் அடைக்கிறார்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு தூங்குபவனுக்கு அந்த அடைப்பு கிடைக்காது. ஓட்டை இருக்கும் இடத்தை உலகத்துக்கே அறிவித்த பிறகும் அதைத் திறந்து வைத்திருப்பவன் என்ன காவல் காக்கிறான்?

ஆகவே என் அபிப்பிராயம் இது. நிறுவுவதற்கு முன்பே, பராமரிப்புக்கு ஆள் குறித்துக் கமிட்டியில் தீர்மானம் போட வேண்டும். இரண்டு பேர், முறை வைத்து. மாதம் ஒரு நாள் திருத்தங்கள் ஏற்றுவது. தினமும் டேட்டாபேஸின் நகல் எடுத்து, சங்கேதமாக்கி, வேறு கட்டிடத்தில் வைப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த நகலிலிருந்து இன்னொரு யந்திரத்தில் உயிர்ப்பித்துப் பார்ப்பது. திரும்ப எழுப்பிப் பார்க்காத நகல், முளைக்குமா என்று சோதிக்காத விதைநெல். சந்தாக் கணக்கை ஆடிட் செய்வது போல, யாருக்குச் சாவி இருக்கிறது என்ற பட்டியலையும் மாதக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். விலகினவர் பெயரை அன்றைக்கே அடிக்க வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். பையன் ஊருக்குப் போனாலும் நோட்டு இருக்கும்.

இதைச் செய்ய ஆள் இல்லாத சிறு சங்கம் என்ன செய்வது? தனியாக நிறுவ வேண்டாம். பக்கத்துச் சங்கங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு சர்வர் வைக்கட்டும். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிப் பிரிவு கொடுக்கக் கீக்ளோக்கில் இடம் உண்டு. அதுவும் முடியாதென்றால் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் இரும்புப் பெட்டியில் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதி பூட்டிய கதவைவிட நல்ல பெட்டி மேல்.

முதலில் செய்ய வேண்டியது

சர்வர் வாங்குவது அப்புறம். தோழர்களே, நாளைக்கே ஆபீஸுக்குப் போய்ச் சுவர்க் காலண்டரைத் திருப்பிப் பாருங்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பாருங்கள். எழுதியிருக்கும் பாஸ்வேர்டைக் கிழித்துப் போட்டு, புதிது வையுங்கள். எத்தனை பேர் ஒரே பெயரில் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். விலகிப் போனவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் இன்னும் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காகிதத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வையுங்கள்.

நம் பிள்ளைகளில் பாலிடெக்னிக்கும் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்து வேலைக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பழைய யந்திரம் ஒன்றில் கீக்ளோக்கின் பரீட்சை ஓட்டத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நிஜ ஓட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் பழகட்டும்.

ஒரு பெயரை நம்பி நம் கையில் தருகிறவர், தன் குடும்பத்தின் சோற்றையும் சேர்த்துத் தருகிறார். அந்தப் பெயரை வாங்கிப் பட்டியலில் எழுதத் தெரிந்த நமக்கு, அதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும்.